ராவுத்தர் மாடி வெள்ளையன் குற்றவாளி இல்லை

செங்கோட்டை,
ஐப்பசி 20

அன்புள்ள சுந்தரம்,

பேத்தி காதுகுத்துக்கு வரவில்லை, வாட்ஸ்அப்பில் ஒரு பூங்கொத்தை அனுப்பிவிட்டு இருந்துவிட்டேன். திட்டியிருப்பாய், திட்டு. இங்கே எல்லோரும் நலம். முழங்கால் அப்படியேதான். மழை விட்டபாடில்லை.

எழுத உட்கார்ந்த காரணம் வேறு. நம் நீலப் புறா ஜோடிக்கு வெள்ளைக் குஞ்சு பிறந்ததும், ராவுத்தர் மாடி வெள்ளை ஆண்புறாதான் அதற்கு அப்பன் என்று நாம் போட்ட பழி பொய் என்று 40 வருடம் கழித்துத் தெரிந்துகொண்டேன். தெரியவைத்தது பாம்பு.

சிரிக்காதே. போன வாரம் கொல்லம் ரயிலில் ஏறி, பதிமூன்று கண் பாலம் தாண்டி, புனலூர் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா மகன் பிரதீப் மாடி அறையில் பால் (ball) பைத்தான் என்ற பாம்பு எட்டு வளர்க்கிறான். நம் காட்டு மலைப்பாம்பு இல்லை, அதை வளர்த்தால் உள்ளே போட்டுவிடுவார்கள். இது கானா, டோகோ, பெனின் பக்கத்தது, பயந்தால் தலையை நடுவில் வைத்துக்கொண்டு பந்தாகச் சுருண்டுவிடும். 2024ல் வந்த விதிப்படி மத்திய அரசின் பரிவேஷ் தளத்தில் பதிந்து வைத்திருக்கிறான். அக்கா அந்த அறைப் பக்கமே போவதில்லை.

எந்த ஜோடிக்கு என்ன குஞ்சு வரும் என்ற கணக்கில், கணக்கு வாத்தியார் என்பதால் நான் மாட்டிக்கொண்டேன். விஷயம் இதுதான்: எந்த ஜீனுக்கும் இரண்டு பிரதி, அப்பனிடம் ஒன்று, ஆத்தாளிடம் ஒன்று. பாம்பின் தோலில் கிளவுன் என்றொரு கோலம் உண்டு, இரண்டு பிரதியும் இருந்தால்தான் அது வெளியே தெரியும். ஒன்று மட்டும் இருந்தால் பார்வைக்குச் சாதாப் பாம்பு, உள்ளே ஒளித்து வைத்திருக்கும். அதை ஹெட் என்கிறார்கள். இரண்டு ஹெட் சேர்ந்தால் ஒவ்வொரு முட்டைக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. புறாவிலும் இப்படி ஒளிந்திருக்கிற வெள்ளை உண்டாம். நம் நீல ஜோடிக்கு வெள்ளைக் குஞ்சு பிறந்தது இதனால்தான் இருக்கும். நாம் ராவுத்தர் வீட்டுக்குச் சண்டைக்குப் போனதும் அவன் அம்மா விளக்குமாற்றை எடுத்ததும் வீண்.

அந்த இரண்டு ஹெட் பாம்புகளின் குஞ்சுகளில் கிளவுனாக வராதவற்றில் மூன்றுக்கு இரண்டு ஹெட். எது எது என்று கண்ணுக்குத் தெரியாது, அதனால் எல்லாவற்றையும் '66 சதவீத ஹெட்' என்று விற்கிறார்கள். பிரதீப்பும் ஒரு பெட்டையை வாங்கியிருக்கிறான். 66 சதவீதப் பாம்பு என்று ஒன்று கிடையாதுடா, ஒன்று இருக்கும் இல்லாவிட்டால் இருக்காது, காசை மட்டும் நூறு சதவீதம் வாங்கிக்கொண்டானா என்று கேட்டேன். பயலுக்கு முகம் சுண்டிவிட்டது.

இன்னொரு வகை ஒரு பிரதியிலேயே தெரிந்துவிடும். பேஸ்டல் என்ற ஜீன் ஒன்று இருந்தால் மஞ்சள் தூக்கல், இரண்டு இருந்தால் சூப்பர் பேஸ்டல். மொஹாவே இரண்டு கூடினால் நீலக்கண்ணோடு வெள்ளைப் பாம்பே வருகிறது! அப்புறம் ஸ்பைடர், சிலந்தி இழை மாதிரி மெல்லிய கறுப்புக் கோடுகள். பேஸ்டலும் ஸ்பைடரும் ஒரே பாம்பில் இருந்தால் பம்பிள்பீ. தன் ஸ்பைடர் பெட்டையைப் பேஸ்டல் ஆணோடு விடப்போகிறானாம், கணக்குப் போடச் சொன்னான். காலண்டர் தாளின் பின்பக்கம் கட்டம் போட்டேன்: பம்பிள்பீ கால், ஸ்பைடர் கால், பேஸ்டல் கால், சாதா கால். ஐந்தாறு முட்டைதான் இடும், கட்டப்படி வராது, ஒவ்வொரு முட்டைக்கும் காசு தனியாகச் சுண்டுகிற கதை என்றும் சொன்னேன். ரொம்ப சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்வானேன்.

அதற்குப் பிறகுதான் அந்த ஸ்பைடர் பெட்டையைக் கையில் எடுத்துக் காட்டினான். தலை ஆடுகிறது. நிமிரப் பார்க்கிறது, திருகிக்கொண்டு மல்லாந்து போகிறது. எலியைக் கொத்தப் போய் பக்கத்தில் கொத்துகிறது. ஸ்பைடர் எல்லாமே இப்படித்தான் மாமா, அது அதோட ஸ்டைல் என்கிறான். வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். 2022ல் ஓர் ஆய்வில் ஸ்பைடர் பாம்புகளின் உள்காதைப் படமெடுத்துப் பார்த்திருக்கிறார்கள், உருக்குலைந்து கிடந்திருக்கிறது. கோலம் வேண்டுமென்றால் ஆட்டமும் கூடவே வரும், பிரித்தெடுத்தவர் யாரும் இல்லை. ஷாம்பெயின் என்ற இன்னொன்றோடு ஸ்பைடர் கூடினால் அந்தக் குஞ்சு பிழைப்பதில்லை.

ஏலே, நம் கர்ணப் புறா ஞாபகம் இருக்கிறதா? பறக்க வராமல் தரையிலேயே கரணம் அடித்துக்கொண்டிருந்த கடைசிப் பெட்டை. தண்ணீர்ச் சட்டிக்குப் போய்ச் சேர்வதற்குள் நாலு கரணம் அடிக்கும். நாம் எண்ணி எண்ணிக் கை தட்டினோம், நீ பத்துப் பைசா வசூல்கூடப் பண்ணினாய். ஒரு வாரமாக அதுதான் கண்ணுக்குள் நிற்கிறது.

பிரதீப்பிடம் நான் எதுவும் சொல்லவில்லை. கட்டத்தைக் கொடுத்துவிட்டு, அக்கா கட்டித் தந்த நேந்திரங்காய் சிப்ஸை வாங்கிக்கொண்டு ரயிலேறிவிட்டேன். நான் சொன்னால் மாமா பழைய ஆள். நீ சொன்னால் கேட்பான், முதல் மீன்தொட்டி வாங்கிக் கொடுத்தவன் நீதானே. கார்த்திகை பிறந்ததும் ஜோடி விடுகிறானாம், அதற்குள் பேசு. பேஸ்டலை அந்த 66 சதவீதக்காரியோடு விடட்டும்.

ராவுத்தர் நம்பர் உன்னிடம் இருந்தால் அனுப்பு.

உன்,
முருகேசன்