இருட்டுறதுக்குள்ள கூலிய குடுத்துருங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

நான் தாண்டிக்குடிக்காரன், கொடைக்கானல்ல டாக்சி ஓட்டுறேன். வட்டக்கானல்ல இஸ்ரேல்காரங்க நிறைய வந்து தங்குறது எல்லாருக்கும் தெரியும். போன ஜனவரில ஒரு புருசன் பொஞ்சாதிய நாலு நாள் சுத்திக் காட்டுனேன், அவங்க ஓய்வுநாள் கண்டிப்பா அனுசரிக்கிறவங்க, வெள்ளிக்கிழமை சூரியன் மறையிறதுல இருந்து சனிக்கிழமை ராத்திரி நட்சத்திரம் தெரியிற வரைக்கும் வண்டியும் ஏற மாட்டாங்க காசையும் தொட மாட்டாங்க. சரி கணக்க ஞாயித்துக்கிழமை பாத்துக்கலாம் சார்னு நானே சொன்னேன். அவர் கேக்கல, பொழுது இறங்குறதுக்குள்ள பாக்கி மொத்தத்தையும் கைல குடுத்துட்டு, வேலை செஞ்சவன் கூலி விடியிற வரைக்கும் என்கிட்ட கிடக்கக் கூடாது, எங்க தோரால அப்படித்தான் இருக்குன்னார்.

பைபிள்ல மொத அஞ்சு புஸ்தகம்தான் அவங்க தோரா. வீட்ல எடுத்துப் பாத்தேன், லேவியராகமம் 19லயும் இருக்கு, உபாகமம் 24ல இன்னும் வெவரமா இருக்கு. கூலிக்காரன் ஏழை, அந்தக் காசு மேலதான் அவன் உசுரே இருக்கு, பொழுது சாயுறதுக்குள்ள குடு, அவன் உன் ஜனமா இருந்தாலும் சரி வெளியூர்ல இருந்து பொழைக்க வந்தவனா இருந்தாலும் சரி. இதுக்கு தால்முத்ல, அதாவது தோராவோட சட்டங்கள விளக்குற அவங்க பழைய நூல்ல, பெரியவங்க குடுத்த விளக்கத்தையும் அவர் சொன்னார், எனக்கு நெஞ்சுல குத்துனது அதுதான்: அவன் எதுக்கு ஏணில ஏறுனான், மரத்துல தொங்குனான், உயிரப் பணயம் வெச்சான், உன் கையால வாங்கப் போற கூலிக்காகத்தானே?

எங்க அண்ணன் அந்த வேலைதான்யா பாக்குறார். சில்வர் ஓக் மரத்துல மூங்கில் ஏணிய சாத்தி மேல ஏறி மிளகு பறிக்கிறது, காத்து அடிச்சா ஏணி ஆடும், கீழ நிக்கிறவங்களுக்கே வயித்தக் கலக்கும். மூணு வாரமா கூலி வரல. கேட்டா மிளகு காயட்டும், வித்ததும் தரேங்கிறாங்க. அண்ணி காதுத் தோட அடகு வெச்சுத்தான் பசங்களுக்கு ஸ்கூல் பீஸ் கட்டுனாங்க, மளிகைக்கடைல பற்று ஏறிட்டே போகுது. (அடகு பத்தியும் யாத்திராகமத்துல இருக்கு, ஏழையோட போர்வைய அடகு வாங்குனா இருட்டுறதுக்குள்ள திருப்பிக் குடு, வேற எதப் போத்திட்டுப் படுப்பான்னு. நம்ம மலைக்குளிர்ல கிடந்தவங்களுக்கு அது புரியும்.)

தோட்டக்காரங்க கஷ்டமும் எனக்குத் தெரியும், வெலை எப்ப ஏறும் எப்ப இறங்கும்னு சொல்ல முடியாது. தால்முத்லயே அதுக்கும் வழி விட்டிருக்காங்க, வாரக்கூலின்னு பேசியிருந்தா வாரம் முடியிறப்ப குடுத்தா போதும், கைல காசே இல்லைன்னா குத்தம் ஆகாது, கூலிக்காரன் சம்மதிச்சா கடைக்காரர்கிட்ட சொல்லி சரக்கா வாங்கிக்க விடலாம். ஆனா காசு இருந்தும், அவன் வாய் திறந்து கேட்டும் நாளைக்கு வான்னு அனுப்புறதுதான் பாவம். நபிகள் நாயகமும் வியர்வை காயிறதுக்குள்ள கூலிய குடுன்னு சொல்லியிருக்கார். அட, 2019ல பார்லிமெண்ட்ல பாஸ் ஆன ஊதியச் சட்டத்துலயே தினக்கூலிய ஷிப்ட் முடியிறப்பவே குடுக்கணும்னு இருக்கு.

பேங்க் தூரம்னு இப்ப சொல்ல முடியாது, ஜிபேல போட அரை நிமிசம். மிளகு சீசன் முடியிறதுக்குள்ள கீழ்ப்பழனி மலைத் தோட்டக்காரங்க கண்ணுல இது படணும், அதனாலதான் எழுதுறேன், தயவுசெஞ்சு உங்க பேப்பர்ல போடுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகன்,
தாண்டிக்குடி