சொல்லின் எல்லையும் எழுத்தின் இடைவெளியும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் சென்ற இதழின் மாணவர் பகுதியில், இரண்டு இடைவெளிகளுக்கு நடுவே வருவது ஒரு சொல் என்று விளக்கம் தரப்பட்டிருந்தது. கணினியில் எண்ணுவதற்கு அது உதவலாம். தமிழ் இலக்கணம் படிக்கும் பிள்ளைகளுக்கு அதையே வரையறையாகச் சொல்லிக்கொடுப்பது தவறு என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

எங்கள் சேலத்தில் 'ஐந்து ரோடு' என்றோர் இடம் உண்டு. எழுதும்போது இடம் விட்டு எழுதுகிறோம். பேருந்து நடத்துநரோ 'அஞ்சுரோடு' என்று ஒரே மூச்சில் கூவுகிறார். அதன் நடுவில் ஓர் அடையை நுழைத்து 'ஐந்து பெரிய ரோடு' என்றாலோ, பன்மையாக்கி 'ஐந்து ரோடுகள்' என்றாலோ, ஊரறிந்த அந்த இடம் மறைந்து, வெறும் எண்ணிக்கை மட்டும் எஞ்சுகிறது. ஒரு பொருளைத் தருவது ஒருமொழி, பல பொருளைத் தருவது தொடர்மொழி, இரண்டுக்கும் பொதுவாக நிற்பது பொதுமொழி என்று நன்னூல் வகுத்திருப்பதை இங்கே பொருத்திப் பார்க்கலாம்: இடப்பெயராகும்போது அது ஒருமொழி, சாலைகளை எண்ணும்போது தொடர்மொழி. இடைவெளி இரண்டு நிலையிலும் ஒன்றாகவே இருக்கிறது.

வினைச்சொற்களில் சிக்கல் இன்னும் ஆழமானது. 'ஏற்காட்டில் மழை பெய்துகொண்டிருக்கிறது' என்பதில் இறுதியில் உள்ள வினை ஒரு சொல்லா, மூன்றா? 'பெய்து', 'கொண்டு' ஆகியவற்றுக்கு இடையே 'நேற்று' என்றோ 'மலையில்' என்றோ எதையும் செருக முடியாது. அந்த அளவில் அது ஒன்றே. ஆனால் 'பெய்துகொண்டே இருக்கிறது', 'பெய்துகொண்டுதான் இருக்கிறது' என்று ஏகாரமும் 'தான்' என்பதும் தடையின்றி உள்ளே புகுந்துவிடுகின்றன. முழுக்க ஒன்று என்றும் சொல்ல முடியாத, பல என்றும் பிரிக்க முடியாத இந்த நிலைதான் தமிழ் வினையின் அழகு என்று நான் கருதுகிறேன்; மாணவர்கள் முதலில் கண்டு வியக்க வேண்டியதும் இதுவே.

தனித்து நிற்கக்கூடிய மிகச் சிறிய வடிவமே சொல் என்று அமெரிக்க மொழியியலாளர் லியோனார்டு புளூம்ஃபீல்டு 1926-இல் வரையறுத்தார். அந்த அளவுகோலின்படி 'உம்', 'ஏ' போன்றவை சொல்லாகா. தொல்காப்பியரும் அவை பெயரோடும் வினையோடும் சேர்ந்தே இயங்கும், தமக்கெனத் தனி இயல்பு இல்லாதவை என்றே கூறுகிறார். ஆயினும் அவற்றுக்கு இடைச்சொல் என்று பெயரிட்டு, சொல்லதிகாரத்தில் தனி இயலே ஒதுக்கினார். இருவரும் கண்ட உண்மை ஒன்றுதான். எதைச் சொல் என்று அழைப்பது என்பதில் மட்டும் வேறுபடுகிறார்கள். எல்லா மொழிகளுக்கும் ஒருசேரப் பொருந்தும் சொல் வரையறை இல்லை என்று ஜெர்மானிய மொழியியலாளர் மார்ட்டின் ஹாஸ்பெல்மாத் 2011-இல் விரிவாக வாதிட்டதையும் இங்கு நினைவூட்ட விரும்புகிறேன்.

ஓலைச்சுவடிகளில் சொற்களுக்கு நடுவே இடமே விடப்படவில்லை. சங்க நூல்களைச் சந்தி பிரித்து எளிய பதிப்புகளாக மர்ரே நிறுவனம் 1950-களில் வெளியிட்டபோது, எங்கே பிரிப்பது என்பதை இலக்கணம் அறிந்தவர்கள் அடிக்கு அடி ஆராய்ந்தே முடிவுசெய்ய வேண்டியிருந்தது. இடைவெளி, அப்படி அறிஞர் எடுத்த முடிவின் விளைவு.

அண்மையில் எங்கள் பகுதியில் நடந்த பள்ளிக் கட்டுரைப் போட்டி ஒன்றில், 'கொண்டு', 'இரு' போன்ற துணைவினைகளைப் பிரித்தெழுதிய மாணவிக்குச் சொல் எண்ணிக்கை வரம்பை மீறியதாக மதிப்பெண் குறைக்கப்பட்டது. ஏறத்தாழ அதே நீளத்தில் சேர்த்தெழுதியவர்களுக்கு அக்குறை நேரவில்லை. சேர்த்தெழுதுவது, பிரித்தெழுதுவது இரண்டும் இன்று வழக்கில் உள்ளவை என்பதால் இது நியாயமாகாது. தமிழில் நடத்தப்படும் போட்டிகளில் சொல் எண்ணிக்கைக்கு மாறாகப் பக்க அளவையோ வரி அளவையோ வரம்பாக வைக்குமாறு அமைப்பாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன். தங்கள் மாணவர் பகுதியிலும் அந்த விளக்கத்தைத் திருத்தி, நடுவில் எதைச் செருக முடிகிறது, எதைச் செருக முடியவில்லை என்று பிள்ளைகள் தாமே சோதித்துப் பார்க்கும்படி ஒரு பயிற்சியை வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
அஸ்தம்பட்டி, சேலம்.