செடிகளுக்குக் கச்சேரியும் என் பூப்பாட்டுப் பட்டியலும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இதழின் கடைசிப் பக்கத்தில் வரும் வெளிநாட்டுத் துணுக்குகளைத்தான் நான் முதலில் படிப்பேன். தலையங்கம் எல்லாம் அப்புறம். தையற்கடை வைத்திருப்பவன், மிஷினில் கால் ஓடும்போது காதுக்கும் ஏதாவது வேலை வேண்டும். அதனால் உங்கள் துணுக்குகளில் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதற்குத் தோதான பாட்டுகளைப் பொறுக்கி, செல்போனில் ஒரு பட்டியல் போட்டு அந்த வாரம் முழுக்க ஓடவிடுவேன். 1932-இல் ஆஸ்திரேலியப் பட்டாளத்துக்காரர்கள் இரண்டு இயந்திரத் துப்பாக்கிகளோடு போயும் ஈமு கோழிகளை அடக்க முடியாமல் திரும்பிய கதையைப் போட்டிருந்தீர்களே, அந்த வாரம் கடையில் பூராவும் பறவைப் பாட்டுதான்.

இது கேசட் காலத்துப் பழக்கம். 90 நிமிட வெற்றுக் கேசட்டை வாங்கி, நோட்டுத் தாளில் பாட்டு வரிசையை எழுதி நீட்டினால் ரெக்கார்டிங் கடைக்காரர் மூன்று நாளில் பதிந்து தருவார். 'நிலா', 'மழை', 'ரயில்' என்று நான் தலைப்புப் போட்டு அடுக்கிய கேசட்டுகள் இன்னும் பரணில் கிடக்கின்றன. கடைசிப் பாட்டு பாதியில் அறுந்துவிடாமல் நிமிடக் கணக்குப் பார்த்து எழுத வேண்டும். துணியை வீணாக்காமல் வெட்டுகிற மாதிரிதான் அதுவும். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

சென்ற மாதம் 'செடிகளுக்குக் கச்சேரி' என்று நாலு வரி போட்டிருந்தீர்கள். "சமீபத்தில்" ஸ்பெயினில் ஒரு அரங்கத்தில் ஆட்களுக்குப் பதிலாகச் செடிகளை வைத்து வாசித்தார்களாம். பக்கத்தில் பல்லைக் காட்டிச் சிரிக்கும் தொட்டிச்செடி படம். எந்த ஊர் என்று இல்லை, வருஷம் இல்லை, என்ன வாசித்தார்கள் என்பதும் இல்லை. நானும் சிரித்துக்கொண்டே மல்லிகை, ரோஜா, தாமரை என்று துள்ளலான பூப்பாட்டாக இருபது சேர்த்துவிட்டேன். ரவிக்கை வாங்க வந்த ஒரு கல்லூரிப் பெண், வயலின் படிக்கிறவள், "என்ன டெய்லர் அண்ணா, கடை ஒரே பூவா மணக்குது?" என்றாள். காரணத்தைச் சொன்னேன். அவள் அங்கேயே தேடி எடுத்துப் படித்துக் காட்டினாள். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

ஊர் பார்சலோனா, இடம் லிசேவு ஓபரா அரங்கம், தேதி 2020 ஜூன் 22. கொரோனாவுக்காக அறிவித்திருந்த நெருக்கடி நிலை முடிந்த மறுநாள் அது. அதற்குள் ஸ்பெயினில் 28,000 பேருக்கு மேல் இறந்திருந்தார்கள். 2,292 இருக்கைகள், இருக்கைக்கு ஒரு செடி. மேடையில் நான்கே நான்கு பேர், வயலின் வகைக் கருவிகளோடு. அவர்கள் வாசித்தது இத்தாலிய இசையமைப்பாளர் புச்சினி 1890-இல் எழுதிய ஒரு சின்ன உருப்படி. பெயர் 'கிரிசாந்தெமி', அதாவது சாமந்திப் பூக்கள். நம் ஊரில் சாமந்தி சாமிக்கும் போகும், சாவுக்கும் போகும். இத்தாலியில் அது கல்லறைப் பூ. அமதேயோ என்ற இளவரசர் இறந்தபோது அவர் நினைவாகப் புச்சினி ஒரே இரவில் எழுதிய இரங்கல் இசை அது. அந்த அமதேயோ இத்தாலியில் பிறந்தாலும் கொஞ்ச காலம் ஸ்பெயினுக்கே ராஜாவாக இருந்தவர். கச்சேரி முடிந்ததும் அத்தனை செடிகளும் மருத்துவமனை ஊழியர்களுக்குப் போய்ச் சேர்ந்தன, ஆளுக்கு ஒன்றாக.

நான் போட்டதோ கல்யாண வீட்டு மைக் செட். அதைக் கொண்டுபோய் எழவு வீட்டு வாசலில் அலறவிட்ட மாதிரி இருந்தது. அன்றைக்கே பட்டியலை அழித்துவிட்டேன்.

துணுக்கு சின்னதாகத்தான் இருக்கும், தெரியும். ஆனால் நீங்கள் வெட்டிப் போடுகிற அந்த ஒன்றிரண்டு வரியில்தான் விஷயமே இருக்கிறது. 'பாட்டுப் போட்டே சர்வாதிகாரியைப் பிடித்தார்கள்' என்று பனாமா செய்தி ஒன்று வந்ததே, அதுவும் இப்படித்தான். அமெரிக்கா பனாமா மேல் படையெடுத்தபோது, 1989 கிறிஸ்துமஸுக்கு முதல் நாள், அந்தச் சர்வாதிகாரி நொரியேகா ஓடிப்போய் வாடிகன் தூதரகத்துக்குள் புகுந்துகொண்டார். வெளியே அமெரிக்கப் படை லவுட்ஸ்பீக்கர் கட்டி ராக் பாட்டு போட்டது. சிப்பாய்கள் தங்கள் படை வானொலிக்குப் போன் செய்து நேயர் விருப்பம் கேட்டிருக்கிறார்கள்: 'நோவேர் டு ரன்', ஓட இடமில்லை, 'ஐ ஃபாட் த லா', சட்டத்தோடு மோதினேன். தலைப்பைப் பார்த்துப் பாட்டுப் பொறுக்கும் வேலையில் எனக்கு அண்ணன்மார்கள். ஆனால் வாடிகன் ஆட்சேபித்ததும் சில நாளிலேயே பாட்டை நிறுத்திவிட்டார்கள். நொரியேகா வெளியே வந்தது ஜனவரி 3-ஆம் தேதி, பாட்டு ஓய்ந்த பிறகு. அந்தப் படையெடுப்பில் எல் சோரில்லோ என்ற ஏழைகள் குடியிருப்பு எரிந்துபோனது. உங்கள் நாலு வரியில் அதற்கு இடமே இல்லை.

குறை மட்டும் சொல்லக் கூடாது. ஸ்வீடனில் சாலையில் வண்டி ஓட்டுவதை இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாற்றிய கதையை 1967 செப்டம்பர் 3, விடிகாலை 5 மணி என்று நேரத்தோடு போட்டிருந்தீர்கள். 1955 வாக்கெடுப்பில் நூற்றுக்கு 83 பேர் வேண்டாம் என்றதும், மாற்றத்தை விளம்பரப்படுத்த உள்ளாடையில்கூட 'ஹெச்' முத்திரை (வலது என்பதற்கான அவர்கள் சொல்லின் முதலெழுத்து) குத்தி விற்றதும் அதில் இருந்தன. தொழில் ரீதியாக அந்த ஜட்டி விவரம் எனக்கு ரொம்பப் பிடித்தது. அந்த மாற்றத்துக்காகப் போட்டி வைத்துத் தேர்ந்தெடுத்த பாட்டின் தலைப்பு 'வலப்பக்கமே போ, ஸ்வென்சன்' என்று பொருள்படும். ஸ்வென்சன் அங்கே நம் குப்புசாமி மாதிரி. அந்த வாரம் போட்ட வண்டிப் பாட்டுப் பட்டியலை இன்னும் அழிக்கவில்லை.

ஆகவே, பழைய செய்தி என்றால் "சமீபத்தில்" என்று ஆரம்பிக்காமல் வருஷத்தைப் போடுங்கள். ஊர் பெயரைப் போடுங்கள். இசை சம்பந்தப்பட்டது என்றால் என்ன பாட்டு, எதற்காக எழுதியது என்று ஒரு வரி. இடம் போதவில்லை என்றால் அந்தச் சிரிக்கும் படத்தை எடுத்துவிடலாம்.

இன்னொன்று. தைவானில் குப்பை வண்டி பீத்தோவன் மெட்டைப் போட்டுக்கொண்டு வருவதை நீங்கள் இன்னும் எழுதவில்லை. எழுதும்போது, அங்கே குப்பையைத் தெருவில் வைத்துவிட்டுப் போக முடியாது, மெட்டைக் கேட்டதும் அவரவர் பையைத் தூக்கிக்கொண்டு வண்டிக்கு ஓடிவர வேண்டும் என்பதையும் சேர்த்துவிடுங்கள். அதற்கான பட்டியலை இப்போதே போட்டு வைத்திருக்கிறேன். காலை ஏழு மணிக்கு எங்கள் தெருக் குப்பை வண்டி போடும் பாட்டை மட்டும் அதில் சேர்ப்பதாக இல்லை.

இப்படிக்கு,
ஒரு தையற்கடைக்காரன்,
மணப்பாறை