ஓடைத் தண்ணீரில் எங்களுக்கும் ஒரு பங்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

டென்மார்க்கின் சம்சோ தீவில் நாலாயிரத்துக்கும் குறைவான மக்களே வாழ்கிறார்கள். 1997இல் அரசாங்கம் நடத்திய போட்டியில் வென்ற அந்தத் தீவு, தன் மின்தேவையைத் தானே தீர்த்துக்கொள்ளத் தொடங்கியது. 2000இல் நிலத்தில் 11 காற்றாலைகள், அப்புறம் கடலில் 10. வீடுகளைச் சூடாக்க வைக்கோலை எரிக்கிறார்கள். என்னை மிகவும் கவர்ந்தது வேறொன்று: அங்குள்ள விவசாயிகளும் ஊர்மக்களும் காற்றாலைகளில் பங்குதாரர்கள்.

எங்கள் இலங்கை மலையகத்தில் ஓடைகளுக்குக் குறைவில்லை. வெள்ளைக்காரர் காலத்திலேயே தேயிலைத் தொழிற்சாலைகள் ஓடைத் தண்ணீரால் இயங்கின. தேசிய மின்சாரம் வந்ததும் அவற்றில் பல கைவிடப்பட்டன. எங்கள் தோட்டத்திலும் பழைய இரும்புக் குழாய் ஒன்று புதர் மூடிக் கிடக்கிறது. கொழுந்து பறித்துக் களைத்து வரும் பெண்கள், அதைத் தாண்டித்தான் லயத்துக்கு, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு, விறகு சுமக்கிறார்கள். பார்க்கவே மனம் வலிக்கிறது.

பேராதனைப் பல்கலைக்கழகம் தொலைவில் இல்லை. ஓடைத் தண்ணீரில் ஒரு சிறு மின்நிலையம் அமைக்க முடியுமா என்று பார்க்க, மாணவர்கள் வந்து, மழையிலும் வறட்சியிலும் ஓடையின் நீரோட்டத்தை அளந்து தரட்டும். எந்த ஓடை எங்கே வற்றும் என்று எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள். தோட்ட நிர்வாகம் இடம் கொடுக்கட்டும். ஆனால் மின்நிலையத்தை நடத்தச் சங்கம் அமைத்தால், லயத்துக் குடும்பங்களின் பெயரிலும் பங்கு எழுத வேண்டும்.

தோட்ட வாசகர்,
ஹட்டன்