சேர்வராயன் மலையில் என்னைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு

வணக்கம்.

ஐப்பசியில் ஒரு நாள் ஏற்காட்டில் தனியாக நடக்க வந்து, தொப்பலாக நனைந்து, நல்லபடியாக வீடு போய்ச் சேர்ந்தவள் எழுதுகிறேன். கம்பி ஒடிந்த கருப்புக் குடையும் கையுமாக நின்றவள் என்றால் உங்களுக்கு ஞாபகம் வரும். யார் பெயரையும் இதில் போடவில்லை. “பேரெல்லாம் எதுக்குங்க” என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

ஏற்காட்டின் ஒண்டிக்கடை முக்குக்குப் பக்கத்து டீக்கடை அண்ணனுக்கு முதல் நன்றி. காலையில் வானம் கழுவி விட்டதுபோல் இருந்தது. போனில் பார்த்தால் நாள் முழுக்க வெயில். நீங்கள் டீயை ஆற்றிக்கொண்டே, “மலையில காலையிலயே இப்படிப் புழுங்குச்சுன்னா மதியத்துக்கு மேல இடிதானுங்க. கோயில் பக்கம் முதல்ல போயிட்டு வந்துருங்க, மத்ததெல்லாம் அப்புறம்” என்றீர்கள். நான் ஏரி, பகோடா முனை என்று சுற்றிவிட்டுக் கடைசியில்தான் கோயிலுக்குப் போவதாக இருந்தேன். சேலம் ஆயிரம் அடிக்கும் கீழே, ஏற்காடு ஐயாயிரம் அடிக்குப் பக்கத்தில். கீழே காயும் வெயிலில் சூடேறிய காற்றுதான் சரிவோடு ஏறி, மேலே குளிர்ந்து மூடுபனியும் மழையுமாகிறது. அடிவாரத்தில் வெயில் என்றால் மலையிலும் வெயில் என்று கணக்குப் போட முடியாது. இதைப் படித்துத் தெரிந்துகொண்டவள் நான். நீங்கள் கழுத்து வியர்வையைத் துண்டால் துடைத்தபடியே சொல்லிவிட்டீர்கள்.

சேர்வராயன் கோயிலில் கற்பூரம், பொரி விற்கும் பாட்டிக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. மே மாதத் திருவிழாவில் கால் வைக்க இடமில்லாத அந்த உச்சியில் அன்று ஆளே இல்லை. குனிந்து குகைக்குள் போய்ச் சேர்வராயனையும் காவேரி அம்மனையும் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தால், எதிரே இருந்த புல்வெளியைக் காணோம். வெள்ளையாக ஏதோ நகர்ந்து வந்துகொண்டிருந்தது. எனக்கு அது அழகாகத் தெரிந்தது, போனை எடுத்துப் படம் பிடிக்க நின்றேன். பாட்டி அதற்குள் தார்ப்பாயைச் சுருட்டிவிட்டார். “கெளம்பு கண்ணு. மரமில்லாத வெளி இது. இடி எறங்குச்சுன்னா நாமதான் உசரம்.” 5,300 அடி உயரத்தில் தட்டையான மொட்டை வெளியில் நிற்பவருக்கு இதைவிடச் சரியாக யாரும் மின்னலைப் பற்றிச் சொல்லிவிட முடியாது. விற்காத பொரி பாதி மூட்டை இருந்தது. அதைத் தலையில் வைத்துக்கொண்டு, இறக்கத்தில் சாலை திரும்புகிற இடம்வரை எனக்கு முன்னால் நடந்தீர்கள். பாதி வழியில் முதல் இடி கேட்டது. நீங்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

எஸ்டேட் கேட்டில் இருந்த வாட்ச்மேன் ஐயாவுக்கும் நன்றி. குறுக்கு வழியாக நாகலூர் ரோட்டுக்குப் போகலாமா என்று கேட்டதற்கு, “காட்டெருமை எறங்கியிருக்கு, ரோட்டோடவே போயிருங்கம்மா” என்றீர்கள். அவ்வளவுதான் பேச்சு. அவ்வளவு போதுமாக இருந்தது.

அப்புறம் களை எடுத்துக்கொண்டிருந்த அக்காமார்கள். காற்று குடையைப் பிடுங்கி ஒடித்துப் போட்டதும் நான் ஓடிப்போய் ஒதுங்கியது ஒரு சில்வர் ஓக் மரத்தடியில். காப்பிக்கு நிழல் வேண்டும் என்று வரிசையாக நட்டு, மிளகுக்கொடி ஏற்றிவிட்டிருக்கும் அதே மரம். “அங்க நிக்காதீங்க, காத்துக்குக் கெளை ஒடியும்” என்று மூன்று பேர் ஒரே நேரத்தில் கத்தினீர்கள். அது முறியும் மரம் என்பது அதன் கீழேயே வேலை செய்பவர்களுக்குத்தான் தெரியும். பிறகு உங்களில் மூத்தவர் ஒரு யூரியா சாக்கை உதறி, ஒரு மூலையை இன்னொரு மூலைக்குள் விரலால் குத்தி நுழைத்து, கொங்காடையாக்கி என் தலையில் கவிழ்த்தார். கன்னத்தில் ஒட்டிய முடியை ஒதுக்கிவிட்டு, உச்சந்தலையில் ஒரு தட்டு. “இப்ப நட.” என் குடையைவிட அந்தச் சாக்கு நன்றாகவே மழையைத் தாங்கியது. அது போனதால் உங்களில் ஒருவர் நனைந்துகொண்டுதானே வேலை பார்த்திருப்பீர்கள்?

ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். சேலத்தில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கினாலே, “தனியாவா போறே? கூட யாரும் வரலையா?” என்று தெருவே கேட்கும். அக்கறைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தக் கேள்வியால் யாரும் வழி தெரிந்துகொண்டதில்லை. மலையில் நீங்கள் ஒருவர்கூட அதைக் கேட்கவில்லை. எங்கே போகக்கூடாது, எப்போது இறங்க வேண்டும், எதன் கீழே நிற்கக்கூடாது, இவற்றை மட்டும் சொன்னீர்கள். நாற்பது வயதைத் தாண்டிய பொம்பளைக்கு இந்த மரியாதை அபூர்வம். அதற்காகத்தான் முக்கியமாக இந்த மடல்.

டிரைவர் அண்ணனுக்கும் கண்டக்டர் தம்பிக்கும்: நான் நின்ற இடம் நிறுத்தம் இல்லை என்று தெரியும். பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாத பனியில் என் டார்ச் வெளிச்சத்தைப் பார்த்து நிறுத்தினீர்கள். ஒண்டிக்கடையில் வண்டி நின்ற நேரத்தில் டீக்கடைக்காரர் என் ஈர சாக்ஸை வாங்கி அடுப்புக்கு மேலே கம்பியில் போட, அது ஆவி விடுகிறவரை தம்பி விசில் ஊதாமல் நின்றதையும் கவனித்தேன். இருபது கொண்டை ஊசி வளைவையும் ஒவ்வொன்றாக ஹார்ன் அடித்து இறக்கினீர்கள். அடிவாரத்தில் தரை காய்ந்து கிடந்தது. ஒரு சொட்டு மழை பெய்திருக்கவில்லை. சாக்கோடு இறங்கிய என்னைப் பார்த்துப் பூக்காரம்மா சிரித்தார்.

அக்காமார்களே, சாக்கைத் துவைத்துக் காய வைத்து, டீக்கடை அண்ணனிடம் கொடுத்து வைத்திருக்கிறேன். உள்ளே ஒரு பொட்டலம் தட்டுவடை இருக்கிறது, பாட்டிக்கும் பங்கு கொடுங்கள். பல்லுக்குக் கடினம் என்பார், டீயில் நனைத்துச் சாப்பிடச் சொல்லுங்கள்.

அன்புடன்,
அஸ்தம்பட்டியிலிருந்து வந்தவள்