பேட் சம்மிட் நூல் அச்சுக்கு நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர்,

வணக்கம். அமெரிக்காவின் டென்னசி பல்கலைக்கழகப் பெண்கள் கூடைப்பந்து அணிக்கு 38 சீசன் கோச்சாக இருந்த பேட் சம்மிட்டைப் பற்றி, எளிய தமிழில் 96 பக்க நூல் ஒன்றை எழுதி முடித்திருக்கிறோம். கூடைப்பந்து ஆடும் அரசுப் பள்ளி மாணவிகளுக்கு இலவசமாகக் கொடுக்க 1,000 பிரதிகள் அச்சடிக்க வேண்டும். பணம் போதவில்லை.

எங்கள் குழுவில் இருப்பவர்கள் எல்லோரும் ஒரு காலத்தில் பள்ளி, கல்லூரி அணிகளில் ஆடியவர்கள். இரண்டு பேர் இப்போது பி.டி. டீச்சர்கள்.

சம்மிட் என்றதும் எல்லோரும் 1,098 வெற்றி, 8 தேசியப் பட்டம், 1997-98இல் ஓர் ஆட்டம்கூடத் தோற்காமல் 39-0 என்றுதான் ஆரம்பிப்பார்கள். அந்தக் கணக்கெல்லாம் நூலில் உண்டு. ஆனால் பாதிப் பக்கங்களை அவருடைய முதல் பத்து வருடங்களுக்கே ஒதுக்கியிருக்கிறோம். நம் பிள்ளைகளுக்குக் கைகொடுக்கப் போவது அந்தக் கஷ்டகாலக் கதைதான் என்பது எங்கள் கட்சி.

1974இல் தலைமை கோச் விடுப்பில் போக, உதவிக்கு என்று வந்த 22 வயதுப் பெண்ணின் தலையில் அந்தப் பொறுப்பு விழுந்தது. மாதம் 250 டாலர் சம்பளம். அவரைவிட ஒரே ஒரு வயது இளையவர்களும் அணியில் இருந்தார்கள். ஜெர்சி வாங்கிய காசு, முந்தைய வருடம் டோனட் விற்றுச் சேர்த்தது. அதைத் துவைத்ததும் கோச்தான், வெளியூர் ஆட்டத்துக்கு வேன் ஓட்டியதும் கோச்தான். ஒருமுறை எதிரணியின் விளையாட்டரங்கத்திலேயே பாய் விரித்து எல்லோரும் படுத்துவிட்டு, மறுநாள் அவர்களோடே ஆடினார்கள். முதல் ஆட்டமே 84-83 என்று ஒரு புள்ளியில் தோல்வி.

கல்விக்கூடங்களில் பெண்களுக்குப் பாரபட்சம் கூடாது என்ற டைட்டில் நைன் சட்டம் 1972இலேயே வந்துவிட்டது. சட்டம் வந்தால் காசும் கூடவே வந்துவிடுமா என்ன? அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்.சி.ஏ.ஏ. நடத்தும் பெண்கள் கூடைப்பந்துப் போட்டி 1982இல்தான் தொடங்கியது. சம்மிட் முதல் பட்டம் வாங்கியது 1987இல். அந்தப் பட்டத்துக்கு முன்பே, அடிபட்ட முழங்காலைத் தேற்றிக்கொண்டு 1976 மான்ட்ரியால் ஒலிம்பிக்கில் ஆடி வெள்ளி வாங்கினார். 1984 லாஸ் ஏஞ்சல்ஸில் கோச்சாகத் தங்கம்.

முதல் அத்தியாயத்தை அவர் அப்பாவிடமிருந்து தொடங்கியது எங்கள் பி.டி. டீச்சர் ஒருவரின் பிடிவாதம். மகள் படிக்க வேண்டிய பள்ளியில் பெண்கள் அணி இல்லை என்று குடும்பத்தையே பக்கத்து ஊருக்கு மாற்றிய விவசாயி அந்த அப்பா. "பிள்ளையை விட அம்மா அப்பாதான் இதைப் படிக்கணும்" என்றார் டீச்சர். சரி என்றோம். சம்மிட்டின் பேர்போன முறைப்பைப் பற்றித் தனி அத்தியாயம் கேட்டவர்களும் உண்டு. அதை ஒரு பத்தியோடு நிறுத்திக்கொண்டோம். அவரிடம் முழுக் காலமும் ஆடி முடித்த எல்லோரும் பட்டப்படிப்பையும் முடித்தார்கள் என்பதற்குத்தான் இடம் அதிகம். வகுப்பில் முதல் மூன்று வரிசையில் உட்கார வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம்.

2011இல், 59 வயதில், தனக்கு அல்சைமர் என்ற மறதி நோய் என்று அவரே வெளியில் சொன்னார். அதன்பிறகும் ஒரு சீசன் கோச்சாகப் பெஞ்சில் இருந்தார். அந்நோய் ஆராய்ச்சிக்காக ஓர் அறக்கட்டளையும் தொடங்கினார். 2016இல் காலமானார்.

இனி கணக்கு. அச்சுக்கு 65,000 ரூபாய், படங்களுக்கான உரிமத் தொகை 15,000, பள்ளிகளுக்கு அனுப்பும் தபால் செலவு 10,000. ஆக மொத்தம் 90,000. குழுவினர் கையிலிருந்து 28,000 போட்டாயிற்று. மீதி 62,000. நூறு ரூபாயும் எங்களுக்குப் பெரிய தொகைதான். 1,000 ரூபாய் கொடுப்பவர்கள், தாம் படித்த பள்ளியின் பெயரைச் சொன்னால், அங்கே மாணவிகள் அணி இருக்கும் பட்சத்தில், பத்துப் பிரதிகள் நேராக அங்கே போகும். நாங்கள் பதிவு பெற்ற அறக்கட்டளை அல்ல. அதனால் வரிச்சலுகை ரசீது தர முடியாது, அதை முன்பே சொல்லிவிடுகிறோம். சாதாரண ரசீது உண்டு. கொடுத்தவர்கள் பெயர் கடைசிப் பக்கத்தில் வரும். வேண்டாம் என்பவர்களுக்கு 'நலம் விரும்பி' என்று போடுவோம்.

பணமாகக் கொடுக்க முடியாதவர்கள் மெய்ப்புப் பார்க்க வரலாம். ஆட்டம் தெரிந்தவர்களாக இருந்தால் இன்னும் நல்லது. கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பதுதான் 'ரீபவுண்ட்'; அதைத் தமிழில் எப்படி எழுதுவது என்று எங்களுக்குள் இன்னும் சண்டை ஓயவில்லை.

இப்படிக்கு,
நூல் குழுவினர்