பாலஸ்ட் நீர் மாற்றும் இடத்தை நீரோட்டம் பார்த்துக் குறிக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

எண்ணூர் கழிமுகத்திலும் பழவேற்காட்டிலும் பரவிவிட்ட காக்கா ஆழியை அகற்றுவது பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. அடுத்தது வராமல் தடுப்பது பற்றிய பேச்சுதான் குறைவு. தென் அமெரிக்கக் கரைகளைச் சேர்ந்த இந்தச் சிப்பி, நாரால் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு சேற்றின் மேல் கரிய பாயாகப் படிந்துவிடுவதால், மஞ்சள் மட்டிக்கு இடமில்லை. கையால் தடவி இறால் பிடிப்பவர்களுக்குத் தடவச் சேறும் இல்லை.

கப்பல் சரக்கின்றி ஓடும்போது நிலைகுலையாமலிருக்க ஒரு துறைமுகத்தில் நிரப்பி இன்னொன்றில் வெளியேற்றும் பாலஸ்ட் நீரோடு இது வந்திருக்க வேண்டும் என்றே பலரும் கருதுகிறார்கள். 2004இல் உருவாகி 2017 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த சர்வதேச உடன்படிக்கை, இந்த நீரைக் கரையிலிருந்து 200 கடல் மைல் தள்ளி, 200 மீட்டருக்குக் குறையாத ஆழத்தில் மாற்றச் சொல்கிறது, அதாவது துறைமுகத்தில் நிரப்பியதைக் கொட்டிவிட்டு அங்குள்ள நீரை நிரப்பிக்கொள்ளச் சொல்கிறது. முடியாதபோது 50 கடல் மைலாவது தள்ளியிருக்க வேண்டும், ஆழத்தில் சலுகை கிடையாது. அதற்கும் வழியில்லாத இடங்களில், அண்டை நாடுகளைக் கலந்துகொண்டு, துறைமுக நாடே தனிப் பகுதிகளைக் குறித்துக் கொடுக்கலாம். 2024 செப்டம்பருக்குப் பின் கப்பலிலேயே நீரைச் சுத்திகரிப்பது விதியாகிவிட்டாலும், கலங்கிய நீரில் அந்தக் கருவி திணறும்போதோ பழுதாகும்போதோ கடலில் மாற்றுவதுதான் கைவசம் உள்ள வழி.

சிங்கப்பூரிலிருந்து வரும் கப்பல் வங்கக்கடலைக் குறுக்கே கடப்பதால் வழியிலேயே ஆழ்கடல் கிடைத்துவிடும். கொழும்பிலிருந்து இலங்கையைச் சுற்றி வரும் கப்பலுக்கோ 200 கடல் மைல் விலகிய இடமே வழியில் வராது. நீர் மாற்றுவதற்காகப் பாதையை விட்டு விலகும்படி அதை வற்புறுத்தவும் உடன்படிக்கையில் இடமில்லை.

ஆகவே சென்னைக்கு அப்பால் ஒரு பகுதியைக் குறிக்க நேர்ந்தால், தூரத்தை மட்டும் அளந்து வரைபடத்தில் கட்டம் போட்டால் போதாது. நம் கரையோர நீரோட்டம் மாசி முதல் சித்திரை வரை வடக்கே இழுக்கும். ஐப்பசி, கார்த்திகையில் தெற்கே திரும்பிவிடும். கோடையில் சென்னைக்குத் தெற்கே நெம்மேலிக்கு நேரே கொட்டியது வடக்கே எண்ணூர்ப் பக்கம் போகலாம். மழைக்காலத்தில் பழவேற்காட்டுக்கு நேரே கொட்டியது, கடல்நீரைக் குடிநீராக்கும் காட்டுப்பள்ளி, நெம்மேலி ஆலைகள் நீர் உறிஞ்சும் இடத்துக்கே வரலாம். பருவத்துக்கு ஒரு பகுதியாக, அந்த ஓட்டத்தின் வீச்சுக்கு வெளியே குறிப்பதே முறை. கருவி வைத்து அளப்பவர்களோடு, வலை போடுமுன் நீரோட்டம் பார்க்கும் காசிமேட்டு மீனவர்களையும் உட்காரவைத்துக் கேட்க வேண்டும் (முடிவெடுத்த பிறகு நடத்தும் கருத்துக்கேட்புக் கூட்டத்தைச் சொல்லவில்லை).

இன்னொன்று பேச்சில் அடிபடுவதே இல்லை. ஒடிசாவின் பாரதீப் துறைமுகத்திலிருந்து எண்ணூருக்கு நிலக்கரியோடு வரும் கப்பல், சரக்கை இறக்கிவிட்டு நம் துறைமுக நீரைத்தான் நிரப்பிக்கொண்டு திரும்புகிறது. அதில் காக்கா ஆழியின் கண்ணுக்குத் தெரியாத லார்வாக்கள் (நீரில் மிதக்கும் இளம் உயிர்கள்) இருந்தால், அவை போய்ச் சேருவது மகாநதி முகத்துவாரத்தின் பக்கம். தன் நாட்டுக் கடலுக்குள் மட்டுமே ஓடும் கப்பல்களுக்கு உடன்படிக்கை பொதுவாகப் பொருந்தாது. தீங்கு உண்டு என்று அந்த நாடே முடிவு செய்தால்தான் பொருந்தும். புதிய பகுதிகளைக் குறிக்கும்போதே அந்த முடிவையும் எடுத்து, எண்ணூரிலிருந்து காலியாகத் திரும்பும் உள்நாட்டுக் கப்பல்கள் வழியில் ஆழ்கடலில் நீரை மாற்றியாக வேண்டும் என்று கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் உத்தரவிட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருவொற்றியூர், சென்னை.